முட்டை ஏலம்

ஆராதனை ஒன்பதரைக்கு என்று பலகையில் இருக்கிறது.
ரப்பர் வெட்டி, பால் எடுத்து, தட்டில் ஊற்றி,
கையிலிருந்து ஆசிட் வாசனை போகத் தேய்த்து
அவர்கள் வந்து சேரப் பத்தேகால் ஆகும்.
இரண்டாம் மணியை அதற்குத் தகுந்தபடி அடிப்பேன்.
முதல் மணியும் நான்தான்.

பொன்மனைக்கு மேலே, மரங்களின் நிழல் விலகாத சரிவில்
ஓடு போட்ட ஆலயம்.
பதிவேட்டில் இருபத்து மூன்று குடும்பம்.
நாலு குடும்பம் வளைகுடாவில்.
ஒன்றில் ஒருவர்தான் மிச்சம், அவருக்கும் காது கேட்காது,
ஆனால் ஆமென் மட்டும் சரியான இடத்தில் சொல்வார்.
மார்த்தாண்டத்துப் பெரிய சபை ஞாயிறுதோறும் வேன் அனுப்புகிறது.
வாலிபப் பிள்ளைகள் எங்கள் வாசலைத் தாண்டும்போது
போனைப் பார்த்தபடி தலை குனிகிறார்கள்.
அங்கே டிரம்ஸ் உண்டு, ஏசி உண்டு.
எங்கள் ஆர்மோனியத்தில் ஒரு கட்டை ஒலிக்காது.
அந்த இடம் வரும்போது
ரோஸ்லெட் அக்கா கொஞ்சம் சத்தமாகப் பாடிவிடுவாள்.

அய்யர் மாதம் ஒருமுறை நற்கருணைக்கு வருவார்.
மற்ற நாளெல்லாம் உபதேசியார் நான்,
எனக்கு ஐந்து மாதச் சம்பளம் பாக்கி.
கிறிஸ்துதாசன் ஒருநாள் காணிக்கைப் பைக்குள்
ஒரு உருண்டை ஒட்டுப்பால் போட்டுவிட்டான்.
"வெல எறங்கிப் போச்சு, இதுதான் இருக்கு."
அந்த நாற்றம் பையை விட்டு இன்னும் போகவில்லை.
ரூபாய்த் தாள்களும் அப்படியே மணக்கின்றன,
வங்கியில் அந்தப் பெண் மூக்கைச் சுளிக்கிறாள்.

அறுப்பின் பண்டிகை அன்று
வாழைக்குலை போனது, சேவல் போனது, மரச்சீனி போனது.
கடைசியில் ஒரே ஒரு முட்டை.
சிறுமி ஷைனி பஞ்சில் பொதிந்து கொண்டுவந்தது.
பத்து ரூபாய் என்று தொடங்கினேன்.
ஞானசிகாமணி நூறு என்றார்.
வாசல் பக்கம் நின்ற அவர் தம்பி தங்கையன்
இருநூறு என்றான்.
ஆயிரத்தில் சிரித்தார்கள்.
மூவாயிரத்தில் யாரும் சிரிக்கவில்லை.
இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள ஓரடி வழிதான்
அங்கே ஏலத்தில் நின்றது.
அது எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்.
நிறுத்தியிருக்க வேண்டும் நான்.
அண்ணாந்து பார்த்தேன்:
பிரசங்க பீடத்துக்கு மேலே
பட்டியல் உளுத்து, வெளிச்சம் தெரிந்தது.

ஒருதரம் என்றேன்.
ரெண்டுதரம் என்றேன்.
ஆறாயிரத்து எழுநூற்றைம்பதுக்கு
மூணுதரம் என்றேன்.

ஓடு மாற்றியாயிற்று.
மன்னிப்பைப் பற்றி அதன் கீழே நின்றுதான் பேசினேன்.
வெளியே ஐப்பசி மழை கொட்டியது,
உள்ளே ஒரு சொட்டு விழவில்லை.
அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை எனக்கு.

அடுத்த ஞாயிறு
முதல் பாட்டு முடியுமுன் எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பிவிட்டது.
தங்கையன் நிற்கும் தூண் தனியாக நின்றது.
பெரிய சபையில் இது நடக்குமா, தெரியாது.
பிரசங்கத்தை எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டு
பைக்கை எடுத்தேன்.

எலிக்காய்ச்சல்.
குலசேகரம் ஆஸ்பத்திரி, கடைசி வார்டு.
வராந்தா பெஞ்சில், வெள்ளை வேட்டி கசங்க,
மடியில் தூக்குவாளியோடு ஞானசிகாமணி.
எப்போது வந்தார் என்று கேட்கவில்லை.
ஆலயத்தில் அவரையும் காணவில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.
இருபத்து மூன்று குடும்பம்,
அதையே ஒழுங்காக எண்ணத் தெரியவில்லை எனக்கு.

"நீரு கொண்டு குடும் உபதேசியாரே.
நாங்குடுத்தா குடிக்க மாட்டான்."
கஞ்சி சுட்டது.
வாளியைக் கைமாற்றிக்கொண்டு நடந்தேன்.
பின்னாலிருந்து குரல் வந்தது:
"உப்பு கூடுதலா போட்டிருக்கு.
அவனுக்கு அப்பிடித்தான் வேணும்."